துரும்பு கையில் இருப்பதில்லை

தேர்தல் நெருங்கினால் எங்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு ‘துருப்புச் சீட்டு’ வந்துவிடும். ஒரு தலைவர் தனது துருப்புச் சீட்டை இறக்கிவிட்டார் என்று ஒரு தலைப்பு. இன்னொருவர் கடைசி நேரம்வரை அதை மடிக்குள் வைத்திருக்கிறார் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை. இந்த முறை தமிழ் மக்களின் வாக்குத்தான் துருப்புச் சீட்டு என்று ஆசிரியர் தலையங்கம். வாசிக்கிற எல்லோருக்கும் பொருள் விளங்குகிறது. யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்து, தக்க நேரம் பார்த்து வீசி, ஆட்டத்தையே புரட்டிப்போடும் ஒற்றைத் தாள். இப்படியொரு பொருள் நிலைத்துப்போய்ப் பல காலம். ஆனாலும் ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் எனக்கு அது உறுத்துகிறது. ஏனென்றால் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடும் ஊர் இந்த யாழ்ப்பாணம். வாசிகசாலைத் திண்ணையிலும் கோயில் மடத்திலும், செத்த வீட்டில் விடியவிடிய விழித்திருக்கும் பந்தலடியிலும் சாக்கு விரித்துக் கடதாசி, அதாவது சீட்டு, போட்ட ஊரில், துரும்பு (துருப்பை நாங்கள் சொல்வது அப்படித்தான்) என்றால் என்னவென்று தெரியாமல் எழுதுவதற்கு நியாயம் இல்லை.

ஆட்டம் தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் உடனே பிடிபடும். துரும்பு ஒற்றைத் தாள் கிடையாது; நாலு வகையில் தேர்ந்தெடுத்த ஒரு வகையின் எட்டுத் தாளும் துரும்புதான், மற்ற வகைத் தாள்களை அவை வெட்டும். அதைக் கடைசியில் தேர்வதும் இல்லை. பாதித் தாள் மட்டும் கையில் இருக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன், முதல் வேலையாக முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுத்ததன் அடையாளமாக ஒரு தாளை மேசையில், எல்லோர் கண்முன்னும், கவிழ்த்து வைக்கவேண்டும். இந்த உரிமை சும்மா கிடைப்பதுமில்லை. இத்தனை புள்ளி எடுத்துக் காட்டுவேன் என்று பொறுப்பேற்றவருக்கு மட்டுமே துரும்பு வைக்க இடமுண்டு. எனக்குத் துரும்பு என்ற சொல்லின் கனம் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறது. பத்திரிகைத் தமிழில் காணாமற்போனதும் அதுதான்.

நாலு தாளில் எடுக்கும் முடிவு

கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறுவரை உள்ள தாள்களைக் கழித்தால் மிஞ்சுவது 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76 புள்ளி, நாலு வகைக்கும் சேர்த்து 304. பலமும் இதே வரிசைதான்: ராசாவை ஏசு அடிக்கும், ஏசை ஒன்பது அடிக்கும், ஒன்பதை ஜாக் அடிக்கும். எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. வலக்கைப் பக்கமாகச் சுற்றி முதலில் நாலு நாலு தாள் போட்டவுடன் கேள்வி, அதாவது எத்தனை புள்ளி எடுப்பேன் என்று சொல்லும் ஏலம், தொடங்குகிறது. குறைந்த கேள்வி 160. பத்துப் பத்தாக ஏறும். கூடக் கேட்டவர் தன் நாலு தாளில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலு தாளும் வரும். எட்டுத் தாளையும் பார்த்த பிறகு யாராவது 250க்குக் குறையாமல் கேட்கத் துணிந்தால், கவிழ்த்தவர் தன் தாளைத் திருப்பி எடுத்துக்கொள்ள, புதிதாகக் கேட்டவர் தன் துரும்பை வைப்பார்.

நாலு தாளில் முடிவெடுப்பது எவ்வளவு பெரிய துணிவு என்பதைக் கணக்கில் பார்க்கலாம். கையில் இஸ்கோப்பன் (ஸ்பேட்) ஜாக், இஸ்கோப்பன் ஒன்பது, இஸ்கோப்பன் ஏழு, ஆட்டின் (ஹார்ட்) ஏசு இருக்கின்றன என்று வைப்போம். நல்ல கை, 160 கூசாமல் கேட்கலாம். துரும்பு இஸ்கோப்பன். ஆனால் மிச்ச ஐந்து இஸ்கோப்பனும் கண்ணுக்குத் தெரியாத 28 தாளுக்குள் கிடக்கின்றன. அந்த 28இல் 16 எதிரணிக்குப் போகப்போகிறது, 8 கூட்டாளிக்கு, 4தான் கேட்டவருக்கு. ஆகச் சராசரியாக எதிரணியிடம் மூன்று துரும்பு இருக்கும், கூட்டாளியிடம் ஒன்றோ இரண்டோ, தனக்கு மேலும் ஒன்று வந்தால் உண்டு. தன் பலமான வகையிலேயே எதிரி தன்னளவுக்குத் தாள் வைத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டுதான் கேட்கவேண்டும். முதல் நாலு தாளில் ஒரே வகையில் மூன்று வந்த உற்சாகத்தில் 200க்கு ஏறுகிறவர்கள் இந்த 16ஐ மறந்துவிடுகிறார்கள். 160 கேட்டவரை உடைக்க எதிரணிக்கு 145 புள்ளி வேண்டும். 200 கேட்டால் 105 போதும். 250 என்றால் வெறும் 55. ஒரே பிடியில், அதாவது நாலு பேரும் ஒவ்வொரு தாள் போடும் ஒரே சுற்றில், ஜாக், ஏசு, பத்து, ராசா நாலும் எதிரணிக்குப் போனால் 54. கேட்டவர் ஒரு புள்ளியில் தப்பலாம். அதற்குப் பிறகு ஒரு ராணியைக்கூட விடமுடியாது.

தோற்றால் கொடுக்கும் விலையும் சமமாக இல்லை. 160இல் வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. 200இல் வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250இல் மூன்றும் நாலும். ஒவ்வொரு படியிலும் கேட்டவர் வாங்குவதைவிடக் கொடுப்பது ஒன்று கூடுதல். துரும்பு சொல்லும் வசதிக்கு ஆட்டம் வாங்கும் வாடகை என்று அதைச் சொல்லலாம். பத்திரிகையில் துருப்புச் சீட்டை வீசும் எவருக்கும் இந்த வாடகை இல்லை. வீசினால் வெற்றி, வீசாவிட்டால் நட்டமில்லை என்பதுபோலத்தான் அங்கே எழுதுகிறார்கள்.

எந்தத் தாளைக் கவிழ்ப்பது என்பதே தனிக் கலை. மேலே சொன்ன கையில் ஏழைக் கவிழ்த்தால் ஜாக்கும் ஒன்பதும் கையில் நிற்கும். எதிரணி அறியாமல் இஸ்கோப்பனையே இறக்கினால் பலமான பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போதே துரும்பு எது என்ற சந்தேகம் எதிரே தட்டிவிடும். கவிழ்த்த ஏழால் வேறு வகையை வெட்டப்போனால், பின்னால் வருகிறவரும் அதே வகை இல்லாமல் ஒரு தாளைக் கவிழ்த்து, அது தற்செயலாக இஸ்கோப்பன் பத்தாக இருந்துவிட்டால், பிடி கைமாறிவிடும். ஜாக்கைக் கவிழ்த்தாலோ வெட்டு அசையாது. அதற்குமேல் தாள் இல்லை. ஆனால் துரும்பு திறக்கும்வரை 30 புள்ளியும் ஆட்டத்தின் முதற்பலமும் மேசையில் முடங்கிக் கிடக்கும். அதற்கிடையில் எதிரணி இஸ்கோப்பனை இறக்கினால் ஒன்பதையோ ஏழையோ வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கை மெலிவாக இருந்தால் பெரிய தாளைக் கவிழ்ப்பதும், துரும்பு நீளமாக இருந்தால் சின்னதைக் கவிழ்ப்பதும் நியாயம் என்பது என் எண்ணம்.

கவிழ்ந்து விழும் தாள்

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரு கணத்தில் இருக்கிறது. மூன்று, நாலு பிடி போயிருக்கும். எதிரணியில் ஒருவர் கலாவரை (கிளப்) ஏசை இறக்குகிறார். அடுத்தவரிடம் கலாவரை இல்லை. அவர் தன் கையிலிருந்து ஒரு தாளை உருவி, முகம் தெரியாமல் மேசையில் கவிழ்த்துப் போடுகிறார். அது துரும்பாக இருக்கலாம், வெறும் கழிவாகவும் இருக்கலாம். பல வேளைகளில் போட்டவருக்கே தெரியாது, ஏனென்றால் துரும்பு எந்த வகை என்பது கேட்டவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கேட்டவரின் கூட்டாளிக்கும் தெரியாது. நாலாவது தாளும் விழுந்த பிறகு கேட்டவர் கையை நீட்டி, கவிழ்ந்த தாளை ஓரம் தூக்கி, தான் மட்டும் பார்க்கிறார். துரும்பு இல்லையென்றால் அது கவிழ்ந்தபடியே கிடக்க, ஏசு பிடியை எடுக்கிறது. துரும்பாக இருந்தால் அங்கேயே புரட்டிக் காட்டி, தான் முதலில் கவிழ்த்து வைத்த தாளையும் திறந்து காட்ட வேண்டும்.

அந்தத் தாளை வேறு யாரும் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரணி போட்ட துரும்பு தன் கூட்டாளியின் பிடியை வெட்டிவிட்டது என்றால், அதை அறிவிக்க வேண்டியவர் அதனால் நட்டப்படப்போகும் கேட்டவரே. அவர் முகத்தை மாற்றாமல் ‘இல்லை’ என்று விட்டுவிட்டால் அந்த நிமிடத்தில் பிடிபடமாட்டார். எட்டுப் பிடியும் முடிந்து தாள்களைப் புரட்டி எண்ணும்போது பிடிபடுவார். அதற்குப் பிறகு அந்தத் திண்ணையில் அவருடன் இருந்து ஆட ஆளிராது. மூடின துரும்பில் எதிராளியின் நேர்மையை நம்பித்தான் ஆட்டம் ஓடுகிறது. ஒளித்து வைத்து ஏமாற்றுவது என்ற நாளேட்டுப் பொருளோடு இதை ஒட்டவைக்க முடியவில்லை.

இன்னொரு சங்கதி. பிடியில் முதலில் இறக்கிய வகைத் தாள் கையில் ஒன்றாவது இருந்தால் துரும்பால் வெட்ட முடியாது. கலாவரை இறங்கும்போது கையில் ஒரு கலாவரை எட்டு இருந்தால், பக்கத்தில் துரும்பு ஜாக் இருந்தும் அந்தப் பெறுமதியற்ற எட்டைத்தான் போடவேண்டும். கையில் இருப்பதை மறைத்து வெட்டுவது கள்ள ஆட்டம்; கண்டுபிடித்தால் கேள்வியே போகும். அதாவது துரும்பின் பலம் ஓர் இல்லாமையிலிருந்து பிறக்கிறது. ஒரு வகை கையில் அற்றுப்போன இடத்தில்தான் துரும்பு ஏழு அந்த வகையின் ஜாக்கையே விழுத்தும். அதனால் நன்றாக ஆடுகிறவர்கள் துரும்பைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, ஏதாவது ஒரு வகையைக் கையிலிருந்து விரைவாகத் தீர்த்துவிடவும் பார்ப்பார்கள். இரண்டு தாள் மட்டும் இருக்கும் வகையை முதல் இரண்டு பிடிக்குள் கழித்துவிட்டு மூன்றாவது முறை அது வரக் காத்திருப்பார்கள். ஆனால் ஒரு வகையில் எட்டே தாள். மூன்றாவது சுற்றுக்குள் வேறு யாரிடமும் அது தீர்ந்திருக்கலாம், அவர்களும் வெட்டலாம். புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுப்படுவது. துரும்பைக் காப்பாற்றிக் கடைசிவரை வைத்திருந்து, வெட்ட ஒன்றும் வராமல் ஏழாம் எட்டாம் பிடியில் வெறும் ஏழையும் எட்டையும் அள்ளிக்கொண்டு நிற்பார்கள். புள்ளித் தாள்கள் எப்போதோ போயிருக்கும்.

துரும்பு திறந்த பின் ஆட்டத்தின் நடையே மாறுகிறது. கவிழ்த்த தாள் கேட்டவர் கைக்கு வந்துவிடும். இனி வெட்டுவதெல்லாம் முகம் தெரியத்தான். இப்போது ஜாக்கும் ஒன்பதும் கையிலுள்ளவர் துரும்பையே வரிசையாக இறக்கி எதிரணியின் துரும்புகளைக் கழிப்பார். முதல் இறக்கில் ஜாக், இரண்டாவதில் ஒன்பது. எதிரணியின் மூன்று துரும்பு இரண்டும் ஒன்றுமாகப் பிரிந்திருந்தால் இந்த இரண்டு சுற்றிலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆட்டின் ஏசை வெட்ட ஆளில்லை. துரும்பு தன் முழு வேலையையும் செய்வது எல்லோருக்கும் தெரிந்த பிறகே. சில பேர் மூடியே வைக்காமல், முதல் பிடிக்கு முன்பே திறந்து காட்டிவிட்டு ஆடுவதும் இதனால்தான். நல்ல துரும்புக் கைக்கு மறைவு வேண்டியதில்லை.

ஊர்வலத்திலிருந்து கோட்டைக்கு

சொல் வந்த வழி நீளமானது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சாதாரணக் கடதாசிக் கட்டோடு படங்கள் போட்ட தனித் தாள்களைச் சேர்த்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். சக்கரவர்த்தி, பாப்பரசர், மரணம், சூரியன் என்று போகும் அந்தத் தாள்களுக்கு ‘திரியோன்ஃபி’ என்று பெயர். வெற்றி ஊர்வலம் என்பது கருத்து. புளோரன்சில் 1440இலும் ஃபெராராவில் 1442இலும் இந்தத் தாள்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. படத் தாள் ஒன்று விழுந்தால் சாதாரண வகைத் தாள்கள் எல்லாம் அதற்குக் கீழே. பிறகு தனித் தாள்கள் இல்லாமலே, இருக்கும் நாலு வகையில் ஒன்றுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து ஆடும் பழக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது. பெயரும் கூடவே போனது: பிரெஞ்சில் திரியோம்ஃப், போர்த்துக்கீசத்தில் துரூன்ஃபு, டச்சில் துரூஃப், ஆங்கிலத்தில் ட்ரம்ப். 1529 மார்கழியில் கேம்பிரிட்ஜில் ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் இந்த ஆட்டத்தையே உவமையாக்கிப் பிரசங்கம் செய்தார். அவருடைய ஆட்டத்தில் துரும்பு ஆட்டின், அதாவது இதயம். அதை அவர் கேட்டிருந்த எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். பின்னாளில் ஆங்கிலேயர் பெரிதாக ஆடிய விஸ்ட் ஆட்டத்திலும் பகிர்ந்த கடைசித் தாளை நிமிர்த்திக் காட்டி அதன் வகைதான் துரும்பு என்று வைத்தார்கள். ஐரோப்பாவில் இந்தச் சொல் உவமையாக வளர்ந்த காலத்தில் துரும்பு ஒளித்து வைக்கும் பொருளாக இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தை 1619இல் போர்த்துக்கீசர் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), 1795இல் ஆங்கிலேயர். மூன்று கூட்டத்தாரிடமும் இந்தச் சொல் இருந்தது. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால், நாங்கள் சொல்லும் துரும்பில் உள்ள மகரம் போர்த்துக்கீசத் துரூன்ஃபுவிலும் ஆங்கில ட்ரம்பிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுத் துருப்பில் டச்சு துரூஃப் கேட்கிறது. சிங்களத்திலும் துரும்பு என்றே சொல்கிறார்கள். வகைகளின் பெயர்களில் ஒல்லாந்தர் கை இன்னும் வெளிச்சம். டச்சில் ஸ்கோப்பன், கிளாவர், ஹார்ட்டன் என்று சொல்வதைத்தான் நாங்கள் இஸ்கோப்பன், கலாவரை, ஆட்டின் என்கிறோம். சிங்களவர் இஸ்கோப்ப, கலாபர, ஹாரத என்கிறார்கள். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ‘இஸ்கோப்பன்’ என்று தாளை அடித்துப்போட்ட கிழவர்கள் கோட்டையில் இருந்த ஒல்லாந்தச் சிப்பாயின் சொல்லையே எடுத்து வீசினார்கள்.

ஆட்டத்தின் எலும்பும் அந்தப் பக்கத்தையே காட்டுகிறது. ஒல்லாந்தில் இன்றும் ஆடும் கிளாவர்யாஸிலும் 32 தாள்தான். அங்கேயும் துரும்பில் ஜாக் முதல், ஒன்பது இரண்டாவது. ஏசுக்கு 11, பத்துக்கு 10. ஆனால் துரும்பல்லாத வகைகளில் ஜாக்குக்கு 2 புள்ளிதான், ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. முந்நூற்றிநாலில் நாலு வகையிலும் ஜாக்கும் ஒன்பதும் உச்சத்தில் ஏறிவிட்டன. கேரளத்தின் இருபத்தெட்டு என்ற ஆட்டத்திலும் இப்படித்தான். ஏன் இப்படி மாறியது என்று யோசித்தால் எனக்குத் தெரிவது ஒரே காரணம். துரும்பை மூடி வைக்கும் ஆட்டத்தில், துரும்பு வகைக்கு ஒரு வரிசையும் மற்ற வகைகளுக்கு இன்னொரு வரிசையும் இருக்க முடியாது. இஸ்கோப்பன் ஒன்பதா ஏசா பெரிது என்பது, இஸ்கோப்பன் துரும்பா என்பதைப் பொறுத்தது என்றால், துரும்பு தெரியாத மூன்று பேர் ஒரு பிடியை யார் எடுத்தது என்றே சொல்லமுடியாது. மூடுவதற்காக எல்லா வகையையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டிவந்தது. மறைந்திருக்கும் துரும்பு எங்கள் பக்கத்து ஆட்டங்களில் வேரூன்றிய ஏற்பாடு, ஆட்டத்தின் முழுக் கணக்கையுமே அது மாற்றிவிட்டது.

இந்த இடத்தில்தான் பத்திரிகைக்காரர்கள்மேல் எனக்கிருந்த கோபம் சற்றுத் தணிகிறது. ‘மறைத்து வைத்த துரும்பு’ என்று எழுதுகிறவருக்கு ஐரோப்பிய ஆட்டங்களைவிட எங்கள் ஆட்டம் நெருக்கம். மறைவு உண்டு. ஆனால் மறைந்திருப்பது எது என்பதுதான் இரகசியம். இருக்கிறது என்பது இரகசியமே இல்லை. மேசை நடுவே கவிழ்ந்து கிடக்கும் அந்தத் தாளை, அது திறக்கும்வரை, நாலு பேரும் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள்.

படையும் ஜோக்கரும்

எங்கள் எழுத்தாளர்கள் துருப்புச் சீட்டு என்று எழுதுவதில் வேறொரு வில்லங்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் துருப்பு என்றால் படை. இந்தியத் துருப்புகள் 1987இல் வந்தன. படையினரை ஏற்றும் துருப்புக்காவி வீதியில் போனது. அது வேறு வழியில் வந்த சொல், கடதாசியோடு தொடர்பில்லை. ஆனாலும் துருப்புச் சீட்டு என்று வாசிக்கும் இளம்பிள்ளைகள் பலர், படை போன்ற பலமுள்ள சீட்டு என்று பொருத்திக்கொள்கிறார்கள். துரும்பு என்று எங்கள் வழக்கிலேயே எழுதினால் அந்தக் குழப்பம் வராது. அப்போது வைக்கோற்துரும்பு நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், அது பாதகமில்லை. துறவிக்கு வேந்தன் துரும்பு என்று படித்தவர்கள் நாங்கள். ராசாவைச் சின்ன ஏழு விழுத்தும் ஆட்டத்துக்கு அந்தச் சொல் உறுத்தாமல் பொருந்தி நிற்கிறது.

பொருள் திரிந்தது ரம்மியால் என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் துருப்பு ஆட்டங்கள் இல்லாமலில்லை. ஆனால் சீட்டாட்டம் என்றால் அங்கே பெரும்பாலானவர் நினைப்பில் வருவது ரம்மி. ரம்மியில் துருப்பு கிடையாது, ஜோக்கர் உண்டு. ஜோக்கர் ஒற்றைத் தாள். கைக்குள் ஒளிந்திருக்கும். எந்த இடத்திலும் செருகலாம். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கத் தேவையில்லை, வந்தவனுக்கு அதிர்ஷ்டம். நாளேடுகள் துருப்புச் சீட்டுக்குச் சொல்லும் குணங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் அத்தனையும் ஜோக்கரின் குணங்கள். சொல் ஓர் ஆட்டத்திலிருந்தும் பொருள் இன்னோர் ஆட்டத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டன. சென்னைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இருந்து அந்த ஒட்டுச்சொல் திரும்ப எங்களிடம் வந்தது. ஜோக்கர் என்று எழுதினால் கோமாளி என்று அர்த்தமாகிவிடும் என்ற தயக்கமும் இதற்கு உதவியிருக்கும்.

வாக்கும் பந்தும்

இது வெறும் சொற்சுத்தம் பேசுகிற காரியமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். தமிழ் வாக்குத்தான் துருப்புச் சீட்டு என்று எழுதும்போது, எழுதுகிறவர் எங்களை உயர்த்திச் சொல்வதாகவே நினைக்கிறார். அந்த உவமையில் நாங்கள் ஆடுகிறவர்கள் இல்லை, தாள்கள். கேள்வி கேட்பவர் வேறு, கவிழ்ப்பவர் வேறு, திறப்பவர் வேறு. 2005 கார்த்திகையில் நடந்த சனாதிபதித் தேர்தலில் வடக்கில் வாக்களிப்புப் புறக்கணிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.2 வீதம்பேர்தான் வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி 1,80,786 வாக்கு. 2015 தையில் யாழ்ப்பாணம் திரண்டு வாக்களித்து, வென்றவருக்கு 74 வீதத்துக்கு மேல் கொடுத்தது. இரண்டு முறையும் அதே சொல்லைத்தான் எழுதினார்கள்: ஒருமுறை போடாத துருப்புச் சீட்டு, மற்றமுறை போட்ட துருப்புச் சீட்டு. துரும்பு வைப்பவர் எத்தனை புள்ளிக்குப் பொறுப்பேற்றார், தவறினால் என்ன கொடுப்பார் என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. முந்நூற்றிநாலில் கேள்வி சொல்லாமல் ஒருவர் தாளைக் கவிழ்க்கப் போனால், ‘அண்ணை, எவ்வளவுக்குக் கேக்கிறியள்?’ என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்பார்கள். சொன்ன பிறகுதான் தாள் மேசைக்குப் போகும். தேர்தல் எழுத்தில் இந்தக் கேள்வியைக் காணவில்லை. 1,80,786 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதினார்கள்.

விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் சொல் சிலவேளை சரியாக விழுந்துவிடுகிறது, எழுதுகிறவர் எண்ணாமலே. முரளிதரனை இலங்கை அணியின் துருப்புச் சீட்டு என்று எழுதிய காலம் ஒன்றிருந்தது. அவர் பந்து வீசுவார் என்பது ஒருவருக்கும் தெரியாத செய்தியா? மைதானத்துக்குள் வரும் எல்லோருக்கும் தெரியும். அது திறந்து வைத்த துரும்பு. 1998 ஆவணியில் லண்டன் ஓவல் மைதானத்தில் இலங்கை அணித் தலைவர் ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றார். வென்றும் இங்கிலாந்தை முதலில் துடுப்பெடுத்தாடச் சொன்னார். முரளி இரண்டு முறை வீசுவதற்கு இடையில் நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முதல் பந்து விழுமுன்பே, எல்லோரும் பார்த்திருக்கக் கேட்ட கேள்வி அது, பெரிய கேள்வியும்கூட. இங்கிலாந்து 445 எடுத்தது. முரளி 155 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்திருந்தார். அந்த நேரத்தில் தலைவர் கேள்வியைக் கூட்டிக் கேட்டுவிட்டார் என்றுதான் தோன்றியிருக்கும். சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152, இலங்கை 591. அதற்குப் பிறகு முரளி மறுபடி பந்தைக் கையில் எடுத்தார். 65 ஓட்டம் கொடுத்து 9 விக்கெட். மற்ற ஒரு விக்கெட் ரன் அவுட்.